மறுபடி எழுதினால் கடைசி

எங்கள் அலுவலகத்தில் மேனேஜருக்கு சாந்தம் என்று பெயர். முகத்துக்கு நேராக 'சார்', அவர் எழுந்து போனதும் சாந்தம். பெயர் வைத்தவர் யாரென்று தெரியவில்லை. யாராக இருந்தாலும் வேலையை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆகியிருக்கும். சாந்தம் போகவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்காலி, அதே குரல். போனில் ஒருவர் அவருடைய அம்மாவையே இழுத்துத் திட்டினாலும் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்துக்கொண்டு, "புரியுதுங்க. பதிவு பண்ணிக்கிட்டேங்க" என்பார். அதைக் கேட்டதும் எதிர்முனை இன்னும் எகிறும். அது எகிறி முடிகிறவரை ஸ்டேப்லரில் பின் நிரப்பிக்கொண்டிருப்பார்.

எங்கள் தொழில் வெப் ஹோஸ்டிங். பல் டாக்டர், பள்ளிக்கூடம், கார் கழுவுகிற கடை என்று யார் இணையதளம் வைத்திருந்தாலும் அது ஏதாவது ஒரு கம்ப்யூட்டரில் குடியிருந்தாக வேண்டும். அந்தக் குடியிருப்பை நாங்கள் வாடகைக்கு விடுகிறோம். சர்வர் என்கிற அந்தக் கம்ப்யூட்டர்கள் ஊருக்கு வெளியே, ஜன்னலே இல்லாத ஒரு டேட்டா சென்டரில், ஏசிக் குளிரில் அடுக்கடுக்காக நிற்கின்றன. நாங்கள் இங்கே டயர் கடைக்கு மேல் மாடியில் உட்கார்ந்திருக்கிறோம். பத்து மேசை, ஒரு தண்ணீர் கேன், சுவரில் ஒரு பெரிய டிவி. தளம் வேலை செய்யவில்லை என்றால் வாடிக்கையாளர் எங்களுக்கு எழுதுவார். அதற்கு டிக்கெட் என்று பெயர். டிக்கெட்டுகள் டிவியில் வரிசையாக நிற்கும். மேலிருந்து ஒவ்வொன்றாக எடுப்போம்.

வரிசையில் ஒரு விசேஷம் உண்டு. வாடிக்கையாளர் கடைசியாக எழுதிய நேரத்தை வைத்துத்தான் இடம். காலையில் ஒருமுறை எழுதிவிட்டுப் பேசாமல் இருப்பவர் மெல்ல மேலே ஏறுவார். பதில் வரவில்லையே என்று மறுபடி ஒரு வரி எழுதினால், அந்த நொடியில் அவருடைய நேரம் புதிதாகிவிடும். ஆள் விழுந்து கடைசிக்குப் போய்விடுவார். நாங்கள் இதைச் சறுக்கு என்போம். எங்களில் வாய் கூடியவனுக்குக் கண்ணாடி என்று பெயர். அவன் டிவியைப் பார்த்து, "இவரு மணிக்கொரு தடவ சறுக்குறாரு, கால்சட்ட தேஞ்சு போயிருக்கும்" என்பான். நாங்கள் சிரிப்போம்.

மென்பொருள் விற்ற கம்பெனியே இதை மாற்றித் தருவதாகச் சொன்னதாம். சாந்தம் வேண்டாமென்றுவிட்டார். "கத்துறவங்களுக்கு மொதல்ல பதில் சொன்னா நாளைக்கு எல்லாரும் கத்துவாங்க. பேசாம காத்திருக்கறவங்களுக்கு யாரு இருக்கா? நாமதான்" என்றார். சும்மா சொல்லவில்லை, அதை நம்பினார். ஏழு விதிகளை டைப் அடித்து, லேமினேட் செய்து, டிவிக்குக் கீழே ஒட்டி வைத்தார். முதல் விதி: பொறுமையாக இருப்பவருக்கே முதலிடம். இரண்டாவது: எந்த டிக்கெட்டையும் யாருக்காகவும் நகர்த்தக் கூடாது. மூன்றாவது: வரிசை எப்படி நகர்கிறது என்பதை வாடிக்கையாளரிடம் சொல்லக் கூடாது. சொன்னால் எல்லோரும் பொறுமைசாலிகளாக நடிப்பார்களாம்.

நான் சொல்லப்போகும் செவ்வாய்க்கிழமைக்கு மூன்று வாரம் முன்னால் சுருட்டை என்று நாங்கள் கூப்பிடும் பெண் ஒரு டிக்கெட்டை மேலே நகர்த்திவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் நடத்தும் டியூஷன் சென்டரின் தளம் படுத்துவிட்டது. மறுநாள் காலை பரீட்சை. எந்தப் பிள்ளைக்கு எந்த அறை என்ற பட்டியல் அதில்தான் இருந்தது. சாந்தம் அவளை டிவிக்கு முன்னால் நிற்க வைத்து விதிகளைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். நான்காவது விதியில் அவள் குரல் உடைந்தது. ஏழு விதிகளையும் முடிக்கும்வரை சாந்தம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"நல்லா படிக்கிறீங்கம்மா. அடுத்த எடத்துல உதவும்."

அன்றைக்கே அவள் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு சாந்தம் டிவியில் இன்னொரு ஏற்பாடு செய்தார். யாராவது டிக்கெட்டைக் கையால் நகர்த்தினால், நகர்த்தியவர் பெயர் அடியில் சிவப்பு எழுத்தில் ஓடும். அன்று மாலைவரை ஓடும்.

சாந்தத்துக்கு ஒரு அக்கா. படிக்க வந்த காலத்தில் ஆறு வருஷம் அக்கா வீட்டில் தங்கிச் சாப்பிட்டவர் அவர். அக்கா வீட்டுக்காரர், சாந்தம் 'மாமா' என்று கூப்பிடுகிறவர், காய்கறி மண்டியில் ஏலம் விடுகிறவராக இருந்தார். மைக் இல்லாமல் நானூறு பேருக்குக் கேட்கும் தொண்டை. மச்சானைப் பற்றி அவர் சொன்ன ஒன்றை அக்காவே எங்களிடம் சொல்லியிருக்கிறார்: "உன் தம்பி பேசுறது ஃபிரிட்ஜ் ஓடுற மாதிரி. ஓடுதா நின்னுடுச்சான்னு கிட்டப் போயி காத வெச்சாத்தான் தெரியும்."

போன வருஷம் அந்தத் தொண்டையில் புற்று வந்தது. குரல்பெட்டியையே எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். ஆபரேஷனுக்குப் பதினோரு நாள் இருந்தது. அக்கா படுக்கையறைச் சுவரெல்லாம் கம்பளியைத் தொங்கவிட்டு, போனை முன்னால் வைத்து, மாமாவைப் பேச வைத்தார். தண்ணி. வலிக்குது. டிவி சத்தத்தக் கொற. நீ சாப்ட்டியா. போதும். கதவ யாரோ தட்டுறாங்க. அக்காவைக் கூப்பிடும் செல்லப் பெயர் மட்டும் கோபமாக, சிரித்துக்கொண்டு, தூக்கத்தில் என்று பல தினுசு. ஆயிரம் போதும் என்றாராம் அக்கா. ஏலக்காரர் இல்லையா, மாமா பேரம் பேசி இன்னும் நூற்று அறுபத்து மூன்று ஏற்றிவிட்டார்.

அதை ஒரு தளமாக்கச் சொல்லி சாந்தம் என்னிடம்தான் தந்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பொத்தான். மாமா போனில் பொத்தானைத் தொட்டால் அவர் குரலிலேயே அது ஒலிக்கும். ஆயிரத்து நூற்று அறுபத்து மூன்றையும் ஹெட்போனில் கேட்டுக் கேட்டுப் பெயர் போட்டேன். சில சொற்களின் முடிவில் ஃபேன் சத்தம் இருக்கும், சிலவற்றில் அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்கும். எல்லாம் ஏற்றி முடித்ததும் சாந்தம் என் பின்னால் வந்து நின்றார். "வாடிக்கையாளரோட ஃபைல் நம்ம மெஷின்ல இருக்கக் கூடாது. ஆறாவது விதி" என்றார். அவர் கண்ணெதிரே அழித்தேன்.

அக்காவின் போனில் இடமில்லை என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. அவர் தம்பியிடம் கேட்டார். "அழிச்சிடுக்கா. அதான் எங்க சர்வர்ல இருக்கே. போனு கீழ விழுந்தா போச்சு, இது எங்க போகப் போவுது?" என்றார் சாந்தம்.

ஊழியர்களின் சொந்தக்காரர்களுக்கு ஏழாம் எண் சர்வரில் இலவசமாக இடம் உண்டு. பழைய மெஷின். அதற்கு மட்டும் பேக்கப், அதாவது மாற்றுப் பிரதி, கிடையாது. இந்த விஷயம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை.

அக்காவிடம் சாந்தம் இன்னொன்றும் சொல்லி வைத்திருந்தார். "ஆபீஸ் விஷயம்னா எனக்குப் போன் பண்ணாதக்கா. அங்க நான் உன் தம்பி இல்ல. எல்லாரையும் போல டிக்கெட் போடு." அக்காவும் அப்படியே செய்வார்.

அந்த செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு டேட்டா சென்டரில் குளிரூட்டும் இயந்திரம் நின்றது. இரண்டு உண்டு, ஒன்றைப் பிரித்துப் போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது மற்றது தன்பாட்டுக்கு நின்றுவிட்டது. ஜன்னல் இல்லாத கட்டடம். கால் மணி நேரத்தில் அடுப்பாகிவிட்டது. சர்வர்கள் சூடு தாங்காமல் ஒவ்வொன்றாக அணைந்தன. எங்கள் டிவி மேலிருந்து கீழ்வரை நிரம்பியது. எல்லா போனும் ஒரே நேரத்தில் அடித்தன. சாந்தம் எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, "ஒவ்வொண்ணா" என்றார்.

மதியத்துக்குள் மற்ற சர்வர்கள் எழுந்துவிட்டன. ஏழு எழவில்லை. டேட்டா சென்டரில் எங்களுக்காக வேலை பார்க்கும் டெக்னீஷியனை ஸ்க்ரூ என்போம். ஒரு மணிக்கு அவர் ஸ்பீக்கர் போனில் வந்தார்.

"சார், ஏழுல ரெண்டு டிஸ்க் காலி. மிச்சமும் கரகரங்குது. மொத்தமா அள்ள முடியாது. ஒவ்வொரு அக்கவுண்டா உருவலாம். ஒண்ணுக்கு ரெண்டு, ரெண்டரை நிமிஷம் ஆகும்."

"எவ்வளவு நேரம் தாங்கும்?" என்று கேட்டார் சாந்தம்.

"அத அதுங்கிட்டதான் கேக்கணும். உங்க ஆளுங்க யாராவது அதுல இருந்தா சொல்லுங்க சார், மொதல்ல எடுத்துடுறேன்."

ஸ்பீக்கர் போனில் அது எல்லோருக்கும் கேட்டது. எட்டுத் தலைகள் நிமிர்ந்தன.

"வரிசைப்படி எடுங்க" என்றார் சாந்தம்.

ஏழாம் எண்ணுக்கு மட்டும் நூற்று அறுபத்து நான்கு டிக்கெட்டுகள். அக்கா பத்து நாற்பத்தொன்றுக்கே எழுதியிருந்தார். அப்போது முப்பத்தெட்டாவது இடம். 'ஐயா வணக்கம். என் கணவருடைய சொற்கள் காலையிலிருந்து ஒலிக்கவில்லை. தயவுசெய்து பார்க்கவும்.' அத்தோடு இருந்திருக்கலாம். பதினோரு மணிக்கு எழுதினார்: 'மறுபடி தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும். அவர் தண்ணீர் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கிறார். தாகமா, பொத்தான் வேலை செய்கிறதா என்று பார்க்கிறாரா, எனக்குத் தெரியவில்லை.' பிறகு பதினொன்று இருபதுக்கு. பதினொன்று ஐம்பதுக்கு. ஒரு மணிக்குள் எட்டுத் தடவை. ஸ்க்ரூ வேலையை ஆரம்பித்தபோது அக்கா நூற்று ஐம்பத்தொன்றாவது இடத்தில் இருந்தார்.

முப்பத்தெட்டாவது இடத்துக்கு ஒரு மெத்தைக் கடை வந்திருந்தது. கடை மூடி இரண்டு வருஷம். தளம் விழுந்தால் தானாக டிக்கெட் போடும்படி எப்போதோ யாரோ அமைத்து வைத்த ஏற்பாடு. அது ஒருமுறைதான் எழுதும். அதைவிடப் பொறுமைசாலி வரிசையிலேயே இல்லை. ஸ்க்ரூ அதைப் பத்திரமாக எடுத்துவிட்டார். முதல் பக்கத்தில் 'விரைவில் புதிய இடத்தில்' என்று போட்டிருந்தது.

ஒரு மணிக்கு மேல் அக்காவிடமிருந்து எதுவும் வரவில்லை. மற்றவர்கள் விடாமல் எழுதிச் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். நூற்று இருபது, தொண்ணூறு, எழுபது என்று அக்கா ஏறினார். நாங்கள் போனில் பேசிக்கொண்டே டிவியைப் பார்த்தோம். சாந்தமும் பார்த்தார். அவர் ஸ்டேப்லரைத் திறந்து வைத்திருந்தார், பின் போடவில்லை.

இரண்டரைக்கு அக்கா நாற்பத்தொன்று. கண்ணாடி என் காதருகே வந்தான். "இன்னும் ஒரு மணி நேரம், மிஞ்சினா ஒன்றரை. அக்கா வாயத் தொறக்காம இருந்தா மாமாவுக்கு வாய் கெடச்சிடும்டா."

இரண்டு நாற்பதுக்கு அந்தச் செய்தி வந்தது. 'ஐயா, நடுவில் எழுத முடியாமல் போய்விட்டது. உங்களுக்கு இன்று எவ்வளவு வேலை இருக்கும் என்று புரிகிறது. அவசரமில்லை, மெதுவாகப் பாருங்கள். கோபம் இல்லை என்று சொல்லத்தான் எழுதினேன். நன்றி.'

டிவியில் அக்கா நாற்பத்தொன்றிலிருந்து நூற்று இருபத்தெட்டுக்குப் போனார். அதுதான் அப்போது கடைசி.

சாந்தம் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். எங்களுக்கு அப்பாடா என்றிருந்தது. அக்காவிடம் இனி எழுதாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கண்ணாடி தண்ணீர் குடிக்கிற சாக்கில் பின்னாலேயே போய்விட்டு வந்தான்.

"போன் பண்ணல. நம்பர எடுத்து வெச்சுக்கிட்டு மாடிப்படி கைப்புடியவே பாத்துட்டு நிக்கிறாரு" என்றான்.

சாந்தம் முகம் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். கண்ணாடி எழுந்து நின்றான். நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை.

"சார், நகர்த்திடுங்க. நாங்க டிவியப் பாக்க மாட்டோம்."

சொல்லிவிட்டுத் தன் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப்போட்டு உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்தவரும் திருப்பினார். சக்கரங்கள் கிறீச்சிட, ஒவ்வொருவராக எட்டுப் பேரும் திரும்பிவிட்டோம். போன்கள் அடித்துக்கொண்டே இருந்தன. எனக்கு எதிரே ஜன்னல் கண்ணாடி. அதில் சாந்தம் நிற்பது தெரிந்தது. அவருடைய கை மவுஸின் மேல் இருந்தது. பார்வை டிவியில் இல்லை. சுருட்டையின் காலி மேசையில் இருந்தது.

அவருக்கு அந்த ஒரு சொடுக்கு போதும். ஆனால் சொடுக்கினால், மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தப் பெண் செய்தது தப்பில்லை என்றாகிவிடும். இருபத்திரண்டு வருஷமும் அந்தச் சிவப்பு எழுத்துக்குப் பின்னால் ஓடும்.

"எல்லாரும் திரும்புங்க. போன எடுங்க" என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

திரும்பினோம். நானாவது அக்காவுக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். மூன்றாவது விதி கண்ணெதிரே ஒட்டியிருந்தது. நான் எழுதவில்லை.

அதன்பிறகு அக்கா ஐந்து தடவை எழுதினார். நாலு ஐம்பதுக்கு ஸ்க்ரூ கூப்பிட்டார். "முடிஞ்சுது சார். எண்பத்தெட்டு எடுத்தேன். மிச்சம் எழுபத்தாறு எடுக்க முடியல. டிஸ்க்கு சுத்தவே மாட்டேங்குது."

எழுபத்தாறு பேருக்கும் ஒரே கடிதம் தயாராக இருந்தது. 'தங்களின் பொறுமைக்கு நன்றி. தவிர்க்க முடியாத தொழில்நுட்பக் காரணங்களால் தங்கள் தரவுகளை மீட்க இயலவில்லை. தங்கள் வசமுள்ள பிரதியை மீண்டும் பதிவேற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.' அக்காவின் டிக்கெட்டை சாந்தம் தன் பெயருக்கு எடுத்துக்கொண்டார். ஒரு எழுத்தையும் மாற்றாமல் அனுப்பினார்.

மறுநாள் பதினோரு மணிக்கு அக்கா மாமாவைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். வாசலருகே பார்வையாளர் நாற்காலிகள் இரண்டு. என் மேசைக்கு மூன்றடி தள்ளி. மாமா கழுத்தில் ஒரு வெள்ளைத் துணி. மூச்சு அதன் வழியாகப் போய்வந்தது. மடியில் போன், அதில் பொத்தான்கள் இருந்த இடம் வெள்ளையாக இருந்தது. அப்படியும் அவர் கட்டைவிரல் அந்த வெள்ளையில் ஒரு இடத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அடிக்கடி தொட்டுப் பழகிய இடமாக இருக்கும்.

சாந்தம் வந்து எதிரே நின்றார். உட்காரவில்லை.

"கடுதாசி வந்துச்சுடா. எனக்கு ஒண்ணும் புரியல. எங்க வசமுள்ள பிரதின்னு போட்டிருக்கு. எங்கிட்ட ஏதுடா? நீதானே அழிச்சிடச் சொன்ன?" என்றார் அக்கா.

"அது எல்லாருக்கும் போற லெட்டருக்கா."

"சரி. ஏதாவது ஒண்ணு ரெண்டு வார்த்தையாவது கெடைக்குமா? முழுசா வேணாம். தண்ணி, வலிக்குது, அப்பறம் என்னக் கூப்புடுறது. அது ஒண்ணு மட்டும்கூட போதும்."

"இல்லக்கா. டிஸ்க்கு போச்சு."

அக்கா மாமாவைப் பார்த்தார். மாமா போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எத்தன தடவ எழுதினேன் தெரியுமா? பதினாலு தடவ. உங்க ஆளுங்க யாரு கண்ணுலயுமா படல?"

கண்ணாடி கீபோர்டில் எதையோ வேகமாகத் தட்டினான். திரையில் எதுவும் திறந்திருக்கவில்லை.

"பாத்தாங்கக்கா. வரிசைல வர்றதுக்குள்ள நின்னுடுச்சு."

அக்கா முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொண்டார். பிறகு, யாரிடமோ ரகசியம் கேட்பதுபோலக் கேட்டார்: "இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கணுமோடா?"

சாந்தம் வாயைத் திறப்பதற்கு முன்னால் எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். எட்டுப் பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். இல்லை என்று சொல்லியிருக்கலாம். சும்மாவே இருந்திருக்கலாம்.

"எழுதியிருக்கலாம்க்கா" என்றார்.

அக்கா தலையை ஆட்டினார். மாமா பக்கம் திரும்பி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "மதியம் ஒன்றரை மணி நேரம் தூங்கிட்டேங்க. மாத்திரை குடுத்துட்டு அப்படியே சோபால சாஞ்சேன், கண்ண அசத்திடுச்சு. முழிச்சுப் பாத்தா ரெண்டே முக்கால் ஆகப் போவுது. அந்த நேரத்துலதான் எல்லாம் போயிருக்கு. நான்தான் விட்டுட்டேன்."

மாமா இல்லை இல்லை என்று கையை ஆட்டினார். அவர் வாய் அசைந்தது. துணிக்குள் காற்று மட்டும் வந்தது. அக்கா அதைத் திட்டு என்று எடுத்துக்கொண்டார். "ஆமாங்க, ஆமாங்க" என்று சொல்லிக்கொண்டே அவரை எழுப்பிக் கூட்டிப்போனார். சாந்தம் லிஃப்ட்வரை கூடவே போய்ப் பொத்தானை அழுத்திக் கொடுத்துவிட்டு வந்தார்.

அக்கா இப்போது தினமும் எழுதுகிறார். 'ஐயா வணக்கம். ஏதாவது கிடைத்ததா? ஒரு சொல் கிடைத்தாலும் போதும். நான் எழுதுவதை நிறுத்த மாட்டேன்.' பழைய டிக்கெட்டிலேயே எழுதுவதால் அது திறந்துகொண்டு வரிசையின் கடைசியில் போய் நிற்கும். எங்கள் கை அவ்வளவு தூரம் எட்டுவதற்குள் மாலையாகிவிடும். ஆறு மணிக்கு சாந்தமே அதைத் திறந்து, பதில் எழுதாமல், மூடிவிட்டு வீட்டுக்குப் போகிறார். சனிக்கிழமைகளில் அக்கா இரண்டு தடவை எழுதுகிறார்.